ஒரு கணினியிற் பல குரல்: ஒலியியக்கி அமைப்பின் நெறி

தோற்றுவாய்

கொழும்பு மாநகரின் வடபால், துறைமுகத்தை அடுத்துக் கிடக்கும் கொச்சிக்கடை ஒலிகள் பலவற்றின் உறைவிடமாகும். இராமநாதன் வீதியிலே, பொன்னம்பல முதலியார் நிறுவியதும், அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கியமைத்ததுமாகிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிற் பூசைக்கால மணியும் நாதசுரமும் ஒலிக்கும். சிறிது தொலைவிலுள்ள புனித அந்தோனியார் திருத்தலத்திலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழியிலும் வழிபாடு நிகழும். துறைமுகத்துக் கப்பல்களின் ஊதொலியும் வீதியிற் செல்லும் வண்டிகளின் ஓசையும் இவற்றோடு சேரும். எனினும், அவ்வழிச் செல்வோன் எவனும் ஒன்றை மற்றொன்றென மயங்குவதில்லை. ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனிப் பிறப்பிடம் உண்டு. தனித்தனி வழி உண்டு. கோயில் மணி நின்றமையாற் கப்பலின் ஊதல் நிற்பதில்லை. கப்பல் ஊதியமையால் நாதசுரத்தின் தாளம் பிறழ்வதுமில்லை.

இவ்வியல்பு, கணினிக்குள் ஒலி புகுந்தவிடத்து மாறிவிடுகின்றது. ஒரு கணினியின் பின்புறத்தே ஆறு ஒலிவாயில்கள் இருப்பினும், அவ்வாறிற்கும் செல்லும் ஒலியெல்லாம் ஒரே நினைவகத்திற் கிடந்து, பெரும்பாலும் ஒரே கட்டுப்பாட்டுச் சில்லின் வழியே வெளிப்படுகின்றது. அவற்றை ஒன்றினின்றும் ஒன்று பிரித்து, ஒவ்வொரு குரலையும் அதற்குரிய செவியிற் சேர்ப்பது ஒரு மென்பொருளின் கடமை. கணினித் தொழிலோர் ‘ட்றைவர்’ என வழங்கும் அம்மென்பொருள் ஈண்டு ஒலியியக்கி எனப்படும். தனித்தியங்கும் ஒலிவாயில்கள் பல உடைய வன்பொருளுக்கு அதனை எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பல குரலுக்குப் பல வழி

ஒரே மண்டபத்திலே பல மொழிக் குரல்களைப் பல செவிகளுக்குப் பிரித்து வழங்கும் முயற்சி கணினிக்கு முற்பட்டது. 1945 நவெம்பர் 20இல் தொடங்கி 1946 ஒற்றோபர் 1வரை நடைபெற்ற நூரம்பேர்க் விசாரணை இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டாம். ஆங்கிலம், உருசியம், பிரெஞ்சு, செருமன் என்னும் நான்கு மொழியினர் அங்குக் கூடியிருந்தனர். ஒவ்வோர் இருக்கையிலும் ஹெட்போனும் ஒரு திருகுவிசையும் வைக்கப்பட்டன. முதலாம் வழியிற் பேசுவோரின் சொந்தக் குரலும், ஏனைய நான்கு வழிகளில் அந்நான்கு மொழிகளின் உரைபெயர்ப்பும் சென்றன. விசையைத் திருப்பியவன் தன் மொழியைக் கேட்டான்.

இலங்கையிலும் இம்முறை அயலானதன்று. பாராளுமன்றத்திலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மொழிகளுக்கிடையே சமகால உரைபெயர்ப்பு நிகழ்கின்றது. உறுப்பினர் ஒருவர் தேசிய மொழிகளுள் எதிலேனும் தம் கடமையை ஆற்றும் உரித்துடையர் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை கூறும் விதி. ஒருவர் தமிழிற் பேசும் உரிமை முழுமையுறுவது, அப்பேச்சுத் தமிழறியாதார் செவிக்கும் எட்டுமிடத்தேயாம். வானொலித் துறையிலும் இதுவே நிலை. 1925 டிசெம்பர் 16இல் கொழும்பிலே தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் இலங்கை வானொலியாக வளர்ந்து, மும்மொழிக்கும் தனித்தனிச் சேவைகளை நடத்தியது. தமிழ்ச் சேவையின் பாடல் சிங்களச் சேவையிற் கலந்து ஒலித்தல் யாவரும் பிழையென அறிவதொன்று.

இப்பழைய அமைப்புக்களில் ஒரு சிறப்பு உண்டு. அங்கே தனித்தன்மை கண்ணுக்குப் புலப்பட்டது. ஒவ்வொரு மொழிக்கும் தனி ஒலிவாங்கி, தனிக் கம்பி, தனி அம்பிளிபயர் இருந்தன. ஒரு கம்பி அறுந்தால் ஒரு மொழி மட்டும் நின்றது. பழுது பார்ப்பவனும் அக்கம்பியைப் பின்தொடர்ந்து சென்று குறையைக் கண்டான். கணினியிலோ பின்தொடரத்தக்க கம்பி இல்லை. அங்குத் தனித்தன்மை இயல்பாய் அமைந்த ஒன்றன்று. இயக்கியை எழுதுவோன் ஆக்கித் தரவேண்டிய ஒன்று. ஆக்காதவிடத்து, வெளியே வாயில்கள் பலவாகத் தோன்றினும் உள்ளே குரல் ஒன்றேயாகும். இவ்வேறுபாட்டை உணர்தலே இத்துறையின் முதற்பாடம்.

இயக்கியின் தொழில்

ஒலி கணினியில் எண்களின் வரிசையாகக் கிடக்கின்றது. அலையின் உயரத்தை ஒரு வினாடியிற் பல்லாயிரந் தடவை அளந்து பெற்ற அவ்வெண்கள் ஒலிக்கூறுகள் எனப்படும். இசைத்தட்டுக்களில் வினாடிக்கு 44,100 கூறுகளும், ஒளிப்படம் முதலியவற்றோடு இணைந்த ஒலியிற் பெரும்பாலும் 48,000 கூறுகளும் வழக்கு. கூறொன்றுக்கு இரண்டு பைற்றாக, இடம் வலம் என்னும் இரு தடங்களுக்கும் வினாடிக்கு 192,000 பைற்று வேண்டும். மும்மொழிக்கு மூன்று வாயில் கொள்ளினும் 576,000 பைற்றே ஆகும். இக்காலக் கணினிக்கு இஃது ஒரு சுமையன்று. ஆகவே, இத்தொழிலின் அருமை அளவிலே இல்லை, காலத்திலே உள்ளது. 48,000 கூறுகளுள் ஒவ்வொன்றும் தன் கணத்திலே வெளிப்படல் வேண்டும். பிந்திய கூறு பயனற்றது.

நிரல் ஒன்று எண்களைச் சிறிது சிறிதாக, தன் ஓய்வுக்கேற்ப எழுதும். ஒலிச்சில்லு அவற்றை இடையறாது, சீராகக் கேட்கும். இவ்விரண்டுக்கும் இடையே நினைவகத்தில் ஒரு தேக்கம் அமைக்கப்படுகின்றது. வன்னிநாட்டுக் குளத்தை இதற்கு ஒப்பிடலாம். மழை ஒருநாட் பெய்யும், ஒருநாட் பெய்யாது. குளமோ அதனைத் தேக்கி, மதகின் வழியே வயலுக்குச் சீராக விடும். ஒலித்தேக்கம் வட்ட வடிவினதாகக் கருதப்படும். இறுதியை எட்டிய பின் முதலிடத்திற்கே மீண்டு எழுதப்படும். மையச் செயலியின் துணையின்றியே சில்லு அத்தேக்கத்திலிருந்து எண்களை நேரே எடுத்துக்கொள்ளும். ஒரு பகுதி தீர்ந்ததும் அது குறுக்கீடு ஒன்றை எழுப்பி, ‘இப்பகுதி வெறுமையாயிற்று, நிரப்புக’ என அறிவிக்கும். அவ்வறிவிப்பைப் பெற்று நிரலைத் துயிலெழுப்புவது இயக்கியின் தொழில்.

தேக்கத்தின் அளவு ஆராய்ந்து கொள்ளத்தக்கது. வினாடிக்கு 48,000 கூறு செல்லுமிடத்து, 1,024 கூறு கொள்ளும் தேக்கம் ஏறத்தாழ 21 மில்லி வினாடிக்குரிய ஒலியைத் தாங்கும். 256 கூறாயின் 5 மில்லி வினாடிக்குச் சற்றே மிகும். தேக்கம் சிறிதாயின், நிரல் சற்றே தாமதிப்பினும் குளம் வற்றும். ‘டக்’ என்னும் ஓசையும் ஒலியறவும் தோன்றும். தேக்கம் பெரிதாயின் வற்றுதல் இல்லை. ஆனால் ஒலி பிந்தி வரும். பதிவு செய்த தேவாரத்தை ஒலிக்கச் செய்யுமிடத்து அரைவினாடித் தாமதத்தால் வருங் கேடு யாதுமில்லை. உரைபெயர்ப்பாளரோ பேச்சைக் கேட்டுப் பொருளுணர்ந்து மொழிமாற்றும்போதே சில வினாடி பிந்துகின்றார். அதன்மேற் கருவியும் பிந்துமாயின், கேட்போன் மேடையிற் காணும் கையசைவுக்கும் தான் கேட்கும் சொல்லுக்கும் இயைபு கெடும்.

எனவே, பல வாயில்களுக்கும் ஒரே அளவான தேக்கத்தை விதித்தல் பொருந்தாது. ஒவ்வொரு வாயிலும் தனக்கெனத் தேக்கமும், தனக்கென அளவும், தனக்கெனத் தொடக்கமும் நிறுத்தமும் உடையதாதல் வேண்டும். இதனைத் தனித்தன்மையின் முதலாம் நிலை எனலாம்.

வரலாற்றிற் சில படிகள்

இந்நிலை ஒருநாளில் எய்தப்பட்டதன்று. சிங்கப்பூரின் கிரியேற்றிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் அட்டை, வீட்டுக் கணினிகளிற் பதிவொலியைப் பரவச் செய்தது. அதற்குப் பதிவொலி வெளியீட்டு வழி ஒன்றேயாதலின், ஒரு காலத்தில் ஒரு நிரல் ஒலித்தலே இயல்பெனக் கொள்ளப்பட்டது. 1992ஆம் ஆண்டளவிற் பின்லாந்தினரான ஹன்னு சவோலைனன் லினக்சுக்கு எழுதத் தொடங்கிய ஒலியியக்கிகளிலும் இக்கருத்தின் சாயல் இருந்தது. ஒலிக்கருவி ஒரு கோப்பாகவே நிரல்களுக்குத் தோன்றிற்று. ஒரு நிரல் அதனைத் திறந்து வைத்திருக்குங்காற் பெரும்பாலும் மற்றொன்று உட்புக இயலாது. எளிமையே அம்முறையின் அழகு. பல வாயில்களைப் பற்றி விரித்துக் கூற அதனிடம் சொல் போதாமையே அதன் குறை.

செக் நாட்டினரான யரோஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கிய அல்சா என்னும் அமைப்பு இக்குறையை நீக்க முயன்றது. அது வன்பொருளை மூன்று படியாகப் பகுத்தது. முழுமையான ஒலிப்பொறி ‘அட்டை’. அவ்வட்டையிலே தனித்தியங்கவல்ல பகுதி ‘சாதனம்’. ஒரு சாதனத்துள் ஒருங்கே ஏற்கத்தக்க ஓடைகள் ‘துணைச்சாதனம்’. 2003 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6இல் அல்சாவே முதன்மை பெற்றது. இப்பகுப்பின் பயன் சொல்லளவில் நின்றுவிடுவதன்று. எது தனித்தியங்கும், எது பிறவற்றோடு பிணைந்து இயங்கும் என்பதை இயக்கியானது நிரலுக்கு உள்ளவாறு அறிவிக்க இஃது ஒரு மொழியைத் தந்தது.

வாயிலும் மாற்றியும்

வன்பொருளும் இதற்கேற்ப வளர்ந்தது. 2004இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட ‘ஹை டெபினிஷன் ஓடியோ’ என்னும் நியமத்தில், கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று 15 வெளிச்செல்லும் ஓடைகள்வரை தாங்கலாம். ஓடையொன்றில் 16 தடங்கள்வரை அடங்கலாம். ஓடைகள் மற்றொரு சில்லினை அடைந்து, அங்குள்ள எண்-அலை மாற்றிகளால் மின்னலையாக மாறி, இணைப்பு வழிகளூடே வாயில்களை எய்துகின்றன.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. வாயில்களின் தொகையும் மாற்றிகளின் தொகையும் ஒன்றல்ல. வாயில் என்பது கம்பி செருகும் துளை. குரலைப் பிறப்பிப்பது மாற்றி. ஐந்து வீடுகளுக்கு இரண்டு கிணறே உள்ள ஊரைப் போல, வாயில் பலவும் மாற்றி சிலவுமான சில்லுகள் மிகப் பல. அத்தகையவற்றில் இரு வாயில்கள் ஒரே மாற்றியிலிருந்து நீர் அருந்தும். அவற்றில் வெவ்வேறு குரல் ஒலித்தல் எவ்வாற்றானும் இயலாது. இதனை அறியாத நிரல், மூன்று துளைகளைக் கண்டு மூன்று மொழிக்கு ஆயத்தமென்று கருதி ஏமாறும். ஆகவே, சில்லினுள்ளே எம்மாற்றி எவ்வாயிலை எய்தவல்லது என ஒவ்வொரு வழியையும் ஆராய்ந்து, ஒன்றையொன்று தடுக்காத வழிகளைத் தெரிந்து, அவற்றை மட்டுமே தனிச்சாதனமாகக் காட்டுதல் இயக்கியின் கடன்.

தாய்வானின் ரியல்ரெக் நிறுவனத்து ஏ.எல்.சி.892 என்னும் சில்லினை உதாரணமாகக் கொள்ளலாம். அதில் மாற்றித் தடங்கள் பத்து. எட்டுத் தடங்கள் சுற்றொலிக்கு உரியன. எஞ்சிய இரண்டும் முன்புறத்து ஹெட்போன் வாயிலுக்குத் தனிக்குரல் வழங்கவல்லன. லினக்ஸ் இயக்கியில் இத்தகைய சில்லுகளுக்கென ஹெட்போனைத் தனியாக்கும் விசை ஒன்று அமைந்துள்ளது. அவ்விசையை ஏற்றினால் ஹெட்போன் தனிச்சாதனமாகும். இறக்கினால் முதன்மை ஒலியையே பகிரும். ஒலி ஓடிக்கொண்டிருக்குங்கால் அவ்விசையை மாற்ற முயன்றால், ‘இப்போது இயலாது’ என இயக்கி மறுத்துவிடும். ஓடுகின்ற நீரின் நடுவே வாய்க்காலைத் திருப்பினால் இரு வயலுக்கும் கேடு விளையுமன்றோ? ஆதலின் இம்மறுப்புக் குறையாகாது, பண்பேயாகும்.

எட்டுத் தடச் சுற்றொலி வாயில்களை நான்கு இரட்டை வாயில்களாகப் பயன்படுத்தி, நான்கு வேறு குரல்களை அனுப்பலாமோ எனின், அனுப்பலாம். ஆயின் அது முழுத் தனித்தன்மையன்று. அவ்வெட்டுத் தடங்களும் ஒரே ஓடையைச் சேர்ந்தவை. ஒரு கணத்திற்குரிய எட்டுக் கூறுகளும் நினைவகத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும்; எட்டும் ஒருங்கே தொடங்கி ஒருங்கே நிற்கும்; ஓடையைத் திறக்கும் உரிமை ஒரு நிரலுக்கே உண்டு. ஒரு மொழிக்குரிய கூறு பிந்தினால், ஏனை மூன்று மொழிகளும் காத்திருத்தல் வேண்டும். அன்றி, பிந்தியதன் இடத்தை மௌனத்தால் நிரப்புதல் வேண்டும். பல்ஸ்ஓடியோ, பைப்வயர் முதலிய ஒலிப்பணி மென்பொருள்கள் பின்னைய முறையால் ஓர் ஓடையைப் பல மெய்ந்நிகர் வாயில்களாகப் பகுத்து உதவுகின்றன. அஃது ஏற்ற ஏற்பாடே. எனினும், அவ்வேலை இயக்கிக்கு மேலுள்ள படியில் நிகழ்தல் வேண்டும். ஒரே குளத்தை நான்கு குளமென இயக்கியே பொய்யாகக் காட்டுதல் தகாது.

கடிகையின் வேற்றுமை

தனித்தன்மைக்கு மற்றொரு முகமும் உண்டு. அது காலத்தைப் பற்றியது. ஒலிக்கூறுகளை எண்ணி வெளியிடும் சில்லு, ஒரு படிகக் கடிகையின் துடிப்பைப் பின்பற்றுகின்றது. மேற்கூறிய இன்ரெல் நியமத்தில், இணைப்பு முழுவதும் 24 மெகாஹேர்ட்ஸ் துடிப்பொன்றையே பின்பற்றுவதால், அதன் வழிச் செல்லும் ஓடைகள் பலவாயினும் காலத்தால் ஒன்றுபட்டு நடக்கும். விலை மலிந்த யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகள் இரண்டினைக் கணினியிற் செருகினால் நிலைமை வேறு. ஒவ்வொன்றும் தன் படிகத்தைத் தான் கொண்டது. இரண்டும் ‘வினாடிக்கு 48,000’ என்றே கூறினும், ஒன்றின் வினாடி மற்றொன்றின் வினாடியன்று.

இரு படிகங்களுக்கிடையே பத்திலட்சத்தில் 50 பங்கு வேற்றுமை உண்டெனக் கொள்க. வினாடிக்கு 2.4 கூறே வேறுபடும். இது செவிக்குப் புலனாகாது. ஆனால் ஒரு மணிநேரத்தில் 8,640 கூறாகும், அஃதாவது 0.18 வினாடி. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்வதாதலின், இவ்வேற்றுமை 60 மீற்றருக்கு அப்பால் நிற்கும் ஒலிபெருக்கியின் தாமதத்திற்கு ஒப்பாம். திருவிழா மண்டபமொன்றின் முன்புறத்தும் பின்புறத்தும் ஒரே பண்ணிசையை இவ்விரு கருவிகள் வழியே ஒலித்தால், தொடக்கத்தில் ஒன்றாய்க் கேட்ட இசை, சாமம் செல்லச் செல்ல எதிரொலித்துக் குழம்பும்.

இதனால் ஓர் உண்மை விளங்குகின்றது. தனித்தன்மை வேறு, ஒருங்கியைபு வேறு. ஒவ்வொரு கேள்வியாளனும் ஒரு மொழியையே கேட்கும் மும்மொழி மண்டபத்திற் கடிகை வேற்றுமையால் இடர் சிறிதேயாம். அங்கு வேண்டுவது தனித்தன்மை. ஒரே இசை பல ஒலிபெருக்கிகளில் எழுமிடத்து வேண்டுவது ஒருங்கியைபு. இயக்கி இவ்விரண்டுக்கும் இடந்தருதல் வேண்டும். அல்சாவில் ஓடைகள் பலவற்றைப் பிணைத்து ஒருங்கே தொடங்கச் செய்யும் வசதி உண்டு. கடிகை வேறாயின் பிணைத்தல் மட்டும் போதாது. தன் கருவி இதுவரை எத்தனை கூறுகளை வெளியிட்டது, அஃது எந்நேரத்தில் எண்ணப்பட்டது என்னும் இரண்டையும் இயக்கி துல்லியமாக அறிவித்தல் வேண்டும். அதனைக் கொண்டு மேற்படியிலுள்ள மென்பொருள், பிந்தும் ஓடையின் கூறுகளைச் சிறிதே நெருக்கியும், முந்துவதைச் சிறிதே நெகிழ்த்தியும் இசைவிக்கும். யூ.எஸ்.பி. நியமத்திலும், கருவியே தன் வேகத்தைக் கணினிக்கு அறிவித்து, ‘இத்துணை அனுப்புக’ எனக் கேட்கும் முறையொன்று உண்டு. இவற்றிலெல்லாம் அடிப்படை ஒன்றே: அளந்ததை அளந்தவாறே கூறுதல்.

பெயரும் ஒழுங்கும்

பொறியியலார் சிறிதெனக் கருதி விட்டுவிடும் ஒன்று, நடைமுறையிற் பெருங்கேடு செய்யும், அது பெயரிடுதல். லினக்சில் ஒலியட்டைகள் கண்டறியப்படும் முறைமைப்படி 0, 1, 2 என எண் பெறுகின்றன. யூ.எஸ்.பி. கருவிகள் மூன்று செருகப்பட்ட கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால், அவை முன்னைய வரிசையிலேயே கண்டறியப்படும் என்னும் உறுதி இல்லை. நேற்று 1 எனப்பட்டது இன்று 2 ஆகலாம். எண்ணை நம்பி மொழியைப் பகுத்த மண்டபத்திலே தமிழ் கேட்க வந்தவனுக்குச் சிங்களமும், சிங்களம் கேட்க வந்தவனுக்குத் தமிழும் செல்லும். எந்தப் பகுதியும் பழுதுற்றிலது. எந்தக் கம்பியும் அறுந்திலது. பயனோ முற்றாகக் கெட்டது. இதனைத் தவிர்க்க, கருவியின் தொடரெண்ணையோ, அது செருகப்பட்ட துளையின் இடத்தையோ அடையாளமாகக் கொண்டு பெயரிடல் வேண்டும். அவ்வடையாளங்களை மாறாது வெளிப்படுத்துதல் இயக்கியின் பொறுப்பாகும்.

வீட்டுப் பழக்கங்கள் சில பொதுமண்டபத்திற்கு ஒவ்வா என்பதும் ஈண்டு அறியத்தக்கது. ஹெட்போனைச் செருகியவுடன் ஒலிபெருக்கி தானே மௌனமாதல் வீட்டில் ஒரு வசதி. மண்டபத்திலோ, சோதிப்பதற்காக ஒருவன் ஹெட்போனைச் செருகினால் அவை முழுதும் ஒலியிழக்கும். ஒரு கருவி கழன்றால் அதற்குரிய ஒலியை எஞ்சிய கருவிக்குத் திருப்புதலும் அத்தகையதே. வீட்டில் அதனால் பாட்டுத் தொடரும். மண்டபத்தில் உரைபெயர்ப்பாளரின் குரல் மேடை ஒலிபெருக்கியிலே திடீரென வெடித்தெழும். இவற்றை விளக்கும் நெறி யாதெனில், பொறிமுறை வேறு, கொள்கை வேறு என்பதாம். ‘ஹெட்போன் செருகப்பட்டது’, ‘கருவி கழன்றது’ என அறிவித்தல் பொறிமுறை. அதன்பின் யாது செய்வதெனத் தீர்மானித்தல் கொள்கை. முன்னையது இயக்கிக்கு உரியது. பின்னையது மண்டபத்தை நடத்துவோனுக்கு உரியது. அதனை இயக்கி தானே மேற்கொள்ளுமாயின், அதனை நிறுத்தும் விசையும் உடன் இருத்தல் வேண்டும்.

குற்றம் பரவாமை

ஒரு வாயிலில் நேர்ந்த குற்றம் மற்றொன்றைத் தீண்டாதிருத்தல் தனித்தன்மையின் உயிர்நிலை எனலாம். ஒலிச்சில்லு எழுப்பும் குறுக்கீடு பல ஓடைகளுக்கும் பொதுவாக வரும். எவ்வோடை அதனை எழுப்பியது என்பதை நிலைக்குறிப்புப் பதிவேட்டை வாசித்தே இயக்கி அறியும். ஒரே கணத்தில் ஈரோடை அழைத்திருக்கவுங் கூடும். முதலிற் கண்டதற்கு மட்டும் விடையளித்து மீளும் இயக்கி, இரண்டாவதனை வற்றச் செய்யும். குறுக்கீட்டினுள்ளே நெடும்பணி செய்தலும் தவறு. ஒன்றுக்குத் தொண்டு செய்யும் நேரத்தில் மற்றவை பட்டினி கிடக்கும்.

பூட்டுமுறையும் இத்தகையதே. ஒரே தரவை இருவர் ஒருங்கே திருத்தாதிருக்க இயக்கியிற் பூட்டுக்கள் வைக்கப்படுகின்றன. அட்டை முழுவதற்கும் ஒரே பூட்டு இடுதல் எழுதுவோனுக்கு எளிது. ஆயின், ஒரு வாயிலின் ஒலியளவை ஒருவன் மாற்றும்போது மற்றை வாயில்கள் யாவும் அவன் கைவிடுங்காறும் காத்து நிற்கும். பொதுவான பதிவேடுகளுக்கு மட்டும் பொதுப்பூட்டும், ஓடைக்கு ஓடை தனிப்பூட்டும் அமைத்தலே நன்முறை. ஓடையொன்று வற்றினால் அதனை மட்டும் நிறுத்தி, மௌனத்தால் நிரப்பி, மீளத் தொடங்கல் வேண்டும். சில்லு முழுவதையும் மீளியக்குதல் இறுதி மருந்தாகவே இருத்தல் நன்று.

இவையெல்லாம் நிறைவேறினவோ எனச் சோதித்தறிதல் அரிதன்று. ஒவ்வொரு வாயிலிலும் வெவ்வேறு மொழியிலே ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என எண்ணும் குரலை ஒருங்கே ஓடவிடுக. ஒன்றனை நிறுத்துக, ஒன்றனைக் கழற்றுக, கணினியை அணைத்து மீண்டும் எழுப்புக, ஒரு நிரலை வேண்டுமென்றே தாமதிக்கச் செய்க. ஏனைய குரல்கள் இடையறாது, இடம் மாறாது எண்ணிச் செல்லுமாயின் அவ்வியக்கி நம்பத்தக்கது. சில நிமிடச் சோதனை கடிகை வேற்றுமையைக் காட்டாது. பல மணிநேரம் விட்டு நோக்குதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒலிவாயில்களின் தொகையே தனித்தன்மையாகாது என்பதும், தேக்கம், மாற்றி, கடிகை, பெயர், பூட்டு என்னும் ஐந்தினும் பிரிவு காணப்பட்டவிடத்தே அது நிலைபெறும் என்பதும் போதரும். இவ்வைந்துள் எது வன்பொருளில் இல்லையோ, அதனை இல்லையென்றே கூறும் இயக்கி நல்லியக்கி. இல்லாததை உள்ளதாகக் காட்டும் இயக்கி ஆய்வுகூடத்தில் நன்கு இயங்கி, அவையேறிய நாளிற் கைவிடும். இவ்வகையில் ஒலியியக்கியும் உரைபெயர்ப்பாளரும் ஒரே அறத்திற்கு உட்பட்டவர். இருவரும் தம் குரலைக் கேட்பிப்பவரல்லர். பிறர் குரலைக் கூட்டாது, குறையாது, இடம் மாற்றாது உரிய செவியிற் சேர்ப்பவர்.

1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் இலங்கையின் ஆட்சிமொழியாக்கிற்று. சட்டநூலில் எழுதப்பட்ட அவ்வுரிமை, கூட்ட மண்டபத்தில் ஓர் இருக்கையை அணுகும்போது, ஒரு ஹெட்போனாகவும் அதனை நோக்கி வரும் ஓர் ஒலியோடையாகவும் வடிவெடுக்கின்றது. அவ்வோடை வற்றினும் வழிமாறினும் அவ்விருக்கையில் அமர்ந்தவனுக்கு அந்நேரத்தே உரிமையும் வற்றியதாகவே முடியும். ஆதலின், இஃது இயந்திர நுணுக்கம் மட்டுமே என ஒதுக்கத்தக்கதன்று.

இக்கலையைப் பயிலப் பெரும்பொருள் வேண்டுவதுமில்லை. லினக்ஸ் இயக்கிகளின் மூலநிரல் யாவரும் வாசிக்கத் திறந்து கிடக்கின்றது. பழைய கணினி ஒன்றும், மலிவான யூ.எஸ்.பி. ஒலிக்கருவிகள் இரண்டும், பொறுமையும் இருப்பின், கல்லூரி மாணவன் ஒருவன் தன் வீட்டு மேசையிலேயே கடிகை வேற்றுமையை அளந்து காணலாம். வரிசை மாறும் எண்களைக் கண்டு திருத்தலாம். கொச்சிக்கடை வீதியில் மணியும் நாதசுரமும் கப்பலின் ஊதலும் ஒன்றையொன்று கெடுக்காது ஒலிப்பது இயற்கையின் கொடை. கணினியில் அவ்வொழுங்கு கற்றவன் கையாலேயே ஆதல் வேண்டும்.